மிளகாய்க் கை

விண்ணரசி கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இன்னும் நிமிரக்கூட இல்லை. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த மாமியார் செவத்தியம்மாள் போட்ட கூச்சலில் வீடே வெலவெலத்துப் போனது.

"அய்யோ... எரியுதே! மாதாவே, எரியுதே! அடியே, என்னத்தடி வச்சுக் கட்டுன? என் காலக் கொளுத்திட்டியேடி!"

"என்ன செய்யுதுத்தே? எப்பவும் போடுற மருந்துதானத்தே..."

"மருந்தா இது? நெருப்பு! அவுருடி... மொதல்ல அவுத்து விடுடி!"

அவசரத்தில் போட்ட முடிச்சென்றால் இழுத்ததும் வந்திருக்கும். விண்ணரசி எதையும் அவசரமாகச் செய்கிறவள் இல்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவள் கட்டைப் பிரித்து எறிவதற்குள் கிழவி கட்டிலில் புரண்டு துடித்துவிட்டாள். வாயில் பேஸ்ட் நுரையோடு புழக்கடையிலிருந்து ஓடிவந்தான் அருளானந்து, கிழவியின் மகன், விண்ணரசியின் கணவன். அடுப்படியிலிருந்து அவன் தங்கை அடைக்கலமேரி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றியும் அலறல் அடங்கவில்லை.

அது சின்னப் புண் இல்லை. தை மாதம் விறகு பொறுக்கப் போன இடத்தில் கருவேல முள் கெண்டைக்காலைக் கீறிவிட்டது. சர்க்கரை உடம்பு அல்லவா, கீறல் ஆறாமல் புண்ணாகி, புண் உள்ளங்கை அகலத்துக்குப் பரந்துவிட்டது. "சுத்தமா வச்சிருந்தா காலு மிஞ்சும். இல்லேன்னா மதுரைக்குத்தான் கொண்டுபோகணும், அங்க என்ன செய்வாங்கன்னு நான் சொல்ல வேணாம்" என்று சுகாதார நிலையத்து நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து விண்ணரசிக்குப் பொழுது விடிவதே அந்தக் காலில்தான். வெந்நீரில் உப்புப் போட்டு ஆற்றுவாள். வெறுங்கையால் புண்ணைச் சுற்றி வழித்துக் கழுவுவாள். களிம்பு தடவி, பழைய வேட்டியைக் கிழித்து அவித்துக் கொடியில் காயவைத்த துணியால் கட்டுவாள். இரண்டு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. புண்ணின் ஓரத்தில் புதுத்தோல் கட்டத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"மதினி..." என்று இழுத்தாள் அடைக்கலமேரி. "நேத்துப் பூராம் காட்டுல மிளகாப் பழம் எடுத்தீங்களே... அந்தக் கையோடயா புண்ணத் தொட்டீங்க?"

கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாயிற்று.

"மிளகாக் கையா?" அருளானந்து வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினான். "ஏய், ஒனக்கு அறிவு கிறிவு இருக்கா? மிளகாக் காட்டுலயே பொழைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"இல்லைங்க... சாயங்காலம் சோப்புப் போட்டு மூணு தரம் கழுவுனேன். காலைலயும்..."

"அவ தெரியாமத் தொடலடா!" கட்டிலிலிருந்து கிழவியின் குரல் வந்தது. அழுகையும் ஆங்காரமும் கலந்த குரல். "அவ ஆத்தா சாவ மனசுல வச்சுத் தொட்டிருக்கா. பதினோரு வருசமாக் காத்துக் கெடந்தாடா... இன்னைக்குத் தீத்துக்கிட்டா!"

விண்ணரசி ஈரத் துணியும் கையுமாக அப்படியே நின்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வெந்த புண் மாமியார் காலில் இருக்க, வேல் தன் நெஞ்சில் பாயும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அருளானந்து தாயையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பத்தொன்பது வருசம் கூட வாழ்ந்தவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினான்தான், ஆனால் அந்த வார்த்தை இல்லை.

"இனிமே நீ அம்மா காலத் தொடாத. மேரி பாத்துக்கிருவா. நீ காட்டுக்குப் போ."

* * *

தவக்காலமும் மிளகாய்ப் பருவமும் ஒன்றாக வந்து கழுத்தில் உட்காரும் ஊர் அது. கமுதிக்குத் தெற்கே, கோயில் மணியும் களத்து நெடியும் ஒன்றாகவே காற்றில் வரும். பங்குனி வெயிலில் குண்டு மிளகாய் செடியில் சிவந்துவிட்டால் ஒரு நாள் பொறுக்காது. ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அரைநாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். விண்ணரசி தங்கச்சிமடத்துக் கடற்கரைப் பெண். ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துபோன அருளானந்துவை நம்பி இந்தக் கரிசலுக்கு வந்தபோது, "மீன் நாத்தம் இன்னும் போகல பாரு" என்று மூக்கைப் பொத்தியவள்தான் செவத்தியம்மாள். அந்தப் பேச்செல்லாம் நாளடைவில் தேய்ந்துபோயிற்று. தேயாமல் நின்றது ஒன்று உண்டு.

பதினோரு வருசத்துக்கு முன்னால் இதே மாதம், காலை ஏழு மணிக்குத் தம்பி ஃபோன் போட்டான். "அக்கா, ஆத்தாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னையத்தான் கேக்குது."

அன்றைக்குக் காட்டில் பழம் செவசெவவென்று கிடந்தது. வர வேண்டிய நாலு ஆளில் ஒருத்திதான் வந்திருந்தாள். "இன்னைக்கு ஒரு பொழுது எடுத்துப்போட்டுட்டு நாளைக்கு வெள்ளன போ தாயி. ஒங்க ஆத்தா எங்கிட்டும் போயிற மாட்டா" என்றாள் செவத்தியம்மாள். கல் நெஞ்சோடு சொன்னதில்லை, பழம் கெட்டுப்போகுமே என்ற பதற்றத்தில் சொன்னது. விண்ணரசி கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். மறுநாள் முதல் பஸ் பிடித்துத் தங்கச்சிமடம் போய் இறங்கியபோது, ஆத்தா கண்ணை மூடி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. விடியவிடிய "அரசி வந்துட்டாளா, அரசி வந்துட்டாளா" என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

திரும்பி வந்த விண்ணரசி மாமியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியாது. "மருமகள்னா அரசி மாதிரி இருக்கணும்" என்று ஊர் சொன்னது. அந்தப் பேரைச் சுமந்துகொண்டு கழுவினாள், துவைத்தாள், ஆக்கிப்போட்டாள். மாமியாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பேச்சு வெளியே வந்தது, அதுவும் இப்படி!

காட்டுக்குக் கிளம்புமுன் விண்ணரசி புழக்கடையில் கிடந்த கட்டுத் துணியை எடுத்தாள். புண்ணில் பட்ட துணியை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பது வழக்கம். கூடத்தில் சற்றுமுன் நடந்தது மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. கையாலதானே புண்ணை வழித்துக் கழுவினேன்? அப்போது எரியவில்லையே! களிம்பைத் தடவியதும் இதே விரல்தானே? அப்போதும் கிழவி, "நாளைக்கு எந்திரிச்சு நடந்துருவேன் போல" என்று சிரித்தாளே! துணி பட்டதும்தானே அலறினாள்?

துணியைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளைத் துணியின் ஒரு முனை விரலில் சுற்றிச் சுற்றி வைத்த மாதிரி சுருண்டு மடிந்திருந்தது. மடிப்புக்குள் லேசான சிவப்புக் கறை. உதறினாள். இரண்டு மிளகாய் விதை கல்லில் விழுந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வத்தலில் காம்பு கிள்ளுகிற பெண்கள் விரல் எரியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். நேற்று அவள் காட்டில் இருந்த நேரம் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளியவள் ஒருத்திதான். கொடியில் கிடந்த துணியில் ஒன்றை உருவி விரலில் சுற்றியிருக்கிறாள். வேலை முடிந்ததும் எங்கே எடுத்தாளோ அங்கேயே போட்டுவிட்டாள். எதையும் எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத அடைக்கலமேரி, பாவம், அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக வைத்திருக்கிறாள்!

விண்ணரசிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. 'பாருங்க! எங்கையில ஒண்ணும் இல்ல, பாருங்க!' என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவும் செய்தாள். பின்வாசல் படியில் கால் வைத்தபோது உள்ளே அருளானந்துவின் குரல் கேட்டது.

"இந்தாரு மேரி, மாத்திரைய மாத்திக் குடுத்து அம்மா மயங்கி விழுந்தது ஞாபகம் இருக்குல்ல? அன்னைக்கு என்ன சொன்னேன்? இன்னொரு வாட்டி ஒன்னால அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, அன்னைக்கே ஒன்னைய திருப்பூருக்கு வண்டி ஏத்திருவேன். ஒன் கொழுந்தனாரு வேற ஈஸ்டர் முடிஞ்சதும் கூட்டிப்போக வாரேங்குறாரு. கருத்தாப் பாத்துக்க."

"பாத்துக்கிறேண்ணே..." என்றாள் அடைக்கலமேரி.

திருப்பூரில் என்ன இருக்கிறது என்று விண்ணரசிக்குத் தெரியும். போன வருசம் ஆடி மாதம் புருசன் வீட்டிலிருந்து ஒரு கட்டைப் பையோடு இந்த வாசலில் வந்து நின்ற அடைக்கலமேரியை அவள்தான் உள்ளே கூட்டிப்போய்க் குளிப்பாட்டினாள். முதுகில் பெல்ட்டின் தடம் ஏழு இருந்தது. அண்ணனிடம்கூட அவள் அதைக் காட்டவில்லை. "குடிக்கிறாரு" என்று மட்டும் சொன்னாள். குடிக்காதவன் எவன் என்று அருளானந்துவும் அதோடு விட்டுவிட்டான்.

படியில் வைத்த காலை விண்ணரசி எடுத்துவிட்டாள். துணியைச் சுருட்டினாள். திரும்பிப் பார்த்தால், செம்பு கழுவ வந்த அடைக்கலமேரி பின்வாசலில் நிற்கிறாள். அவள் பார்வை சுருண்ட துணியில் விழுந்தது, கல்லில் கிடந்த விதையில் விழுந்தது, தன் விரலில் விழுந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

விண்ணரசி துணியை வெந்நீர் அடுப்பில் திணித்தாள்.

பத்தொன்பது வருசம் மிளகாய் வீட்டில் குப்பை கொட்டியவள், அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். அடுத்த நிமிசம் புகை கிளம்பியது பாருங்கள்! கமறல் என்றால் அப்படி ஒரு கமறல். அருளானந்து இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். கோழிகள் கூடத் தும்மின. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ அரசி, திருஷ்டி சுத்திப் போட்டியா? கண்ணு பட்டிருந்தா கமறாதும்பாகளே, இப்புடிக் கமறுதே தாயி!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"என்னத்தடி எரிச்ச?" என்று கட்டிலிலிருந்து இருமலுக்கு நடுவே கேட்டாள் செவத்தியம்மாள்.

"பழைய துணித்தே..."

கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபம் தணியவில்லை என்று விண்ணரசி நினைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள்.

* * *

அன்றைக்குப் புதன். அன்றும் மறுநாள் வியாழனும் அவள் காட்டில் கிடந்தாள். குனிந்தால் மிளகாய், நிமிர்ந்தால் வெயில். உடம்பு வலி அவளுக்குப் பழக்கம்தான். அந்தக் காலைத் தொடக் கூடாது என்பதுதான் தாங்கவில்லை. விடிந்ததும் கை தானாக வெந்நீர்ச் சட்டியைத் தேடியது. கூடத்துக்குள் அடைக்கலமேரி கட்டுப் போடுவதைத் தூணோரம் நின்று பார்த்தாள். இறுக்கிக் கட்டுகிறாளே, ரத்தம் ஓடாதே என்று வாய் வரைக்கும் வந்தது. புதுத்தோல் கட்டிய ஓரம் மறுபடி சிவந்து கிடந்ததை ஒரு கணம் பார்த்தாள், அவ்வளவுதான்.

காட்டில் தனியாக இருந்தபோது மனசு அவளை விசாரித்தது. புனித வாரத்தில் எல்லோரும் கோயிலில் போய்ச் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள், அவளுக்கோ மிளகாய்ச் செடிதான் சாட்சி. கையில் காரம் இல்லை, சரி. நெஞ்சில் இல்லையா? இத்தனை வருசம் அந்தக் கிழவிக்குச் சோறு வைத்தாயே, அன்பாலா வைத்தாய்? 'என் ஆத்தாவை நீ பார்க்கவிடவில்லை, உன்னை நான் எப்படிப் பார்க்கிறேன் பார்' என்று காட்டுவதற்காக வைத்தாயா? ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல முடியுமா? எத்தனையோ நாள் அப்படித்தான் வைத்தாள். ஆனால் இந்த இரண்டு மாதம் அப்படி இல்லை. புண்ணைக் கழுவக் கழுவ, அந்த மெலிந்த கால் தன் ஆத்தாவின் கால் மாதிரியே இருந்தது. நரம்பு புடைத்து, பாதம் வெடித்து, சுருக்கம் விழுந்து... மகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்காமல் போனவளுக்குச் செய்ய முடியாததை இந்தக் காலுக்குச் செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் இப்போது பிடுங்கிவிட்டார்கள்.

'நாஞ் சொன்னாத் தப்பிச்சிருவேன். அவ போயி அடி வாங்கணும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'கெடக்கட்டும், எம்மேலயே கெடக்கட்டும்.' சொல்லிவிட்டு அழுதாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைக்க முடியாது. அழுகை அதுபாட்டுக்கு ஓடிக் கழுத்தில் இறங்கியது.

வியாழன் மூன்றரை மணிக்குக் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, அருளானந்து முற்றத்தில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தான். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இந்த வருசம் பன்னிரண்டில் ஒருவன் அவன். சாமியார் கழுவப்போகும் காலை வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லால் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுபோவதுதான் ஊர் வழக்கம். அழுக்குக் காலை அங்கே எவனும் நீட்டுவதில்லை. கழுவின காலைச் சாமியார் இன்னொரு முறை நனைத்துத் துடைத்து முத்தம் கொடுப்பார்.

"வெந்நி இருக்கா?" என்றான் அவன், நிமிராமல்.

"இந்தா வைக்கிறேன்" என்று அவள் திரும்பியபோது வாசலில் அடைக்கலமேரி வந்தாள். காலையிலேயே கோயிலுக்குப் போனவள். தலையில் போட்ட முக்காட்டை எடுக்கவில்லை. முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. நேரே கூடத்துக்குள் போனாள், தாயின் கட்டிலடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அம்மா... மதினி கையில ஒண்ணும் இல்லம்மா. நாந்தான்."

"என்னடி சொல்ற?" என்று எண்ணெய்க் காலோடு எழுந்து வந்தான் அருளானந்து.

"அந்தத் துணிய வெரல்ல சுத்திக் காம்பு கிள்ளுனது நாந்தாண்ணே. கட்டுற துணின்னு நெனப்பே இல்ல... கிள்ளி முடிச்சுட்டு மறுபடி கொடியிலயே போட்டுட்டேன். மதினி கண்டுபிடிச்சுட்டாக. கண்டுபிடிச்சு, என்னையக் காட்டிக் குடுக்காம அடுப்புல போட்டு எரிச்சுட்டாக. நாம் பாத்துக்கிட்டே நின்னேன்... வாயே தொறக்கலண்ணே! ரெண்டு நாளா இந்தப் பாவி வாயத் தொறக்கல!"

"இப்ப மட்டும் எதுக்குத் தொறந்த?"

"சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அவரு சொன்னாரு... 'பாவத்த ஆண்டவரு மன்னிச்சிருவாரும்மா. பழி ஒருத்தி தலையில கெடக்கே, அத நான் எறக்க முடியாது, நீதான் போயி எறக்கணும்'னாரு." அவள் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினாள். "எறக்கிட்டேன். இனி என்னைய எங்க அனுப்பணுமோ அனுப்பு."

அருளானந்துவின் முகம் சுண்டியது. மனைவியைப் பார்க்க முடியவில்லை அவனால். பார்க்க முடியாதவன் என்ன செய்வான்? கோபத்தை எடுத்து இன்னொருத்தி மேல் போடுவான். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

"ஒன்னால எத்தன தடவ... எம் பொண்டாட்டிய நான் நாக்கப் புடுங்குற மாதிரி பேசிட்டேன்! இப்பவே ஒங் கொழுந்தனாருக்குப் போடுறேன். ஈஸ்டர் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வந்து கூட்டிப் போகட்டும்!"

விண்ணரசி குறுக்கே போய் நின்றாள். பத்தொன்பது வருசத்தில் அவள் அப்படி நின்றதில்லை.

"போன வைங்க."

"நீ சும்மா இரு. ஒனக்காகத்தான்..."

"எனக்காகவா? எனக்காகப் பேச வேண்டியது நேத்துக் காலைல. அப்பப் பேசல நீங்க." குரல் உயரவில்லை, உடையவும் இல்லை. "இப்ப எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம். இவ முதுகப் பாத்திருக்கீங்களா? பெல்ட்டுத் தடம் ஏழு இருக்கு. நான் எண்ணெ தேச்சு விட்டேன், எனக்குத் தெரியும். கூடப் பொறந்த நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? இந்த வீட்டுலருந்து இவ போறதா இருந்தா, எனக்கும் சேத்து ஒரு பையி எடுத்து வைங்க."

அருளானந்து தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே" என்றாள், கேட்டும் கேட்காமலும். ஃபோன் பிடித்த கை கீழே இறங்கியது.

"ஏலே, போன உள்ள வையி" என்றாள் செவத்தியம்மாள்.

இவ்வளவு நேரமும் கிழவி அசையாமல் கிடந்தாள். இப்போது இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவளுந்தான் வாயத் தொறக்கல, நாந் தொறந்தேனா? எனக்கு நேத்தே தெரியும்லே."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாப்பத்தஞ்சு வருசமா வத்தலோட கெடக்குறவ நான். கைக் காரத்துக்கும் துணிக் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இவ கையால கழுவுறப்ப எரியல. துணி பட்டதுந்தான் எரிஞ்சுச்சு. வலியில புத்தி மழுங்கிக் கெடந்தேன். அடுப்புல கமறுச்சு பாரு, அப்பவே புத்தி வந்துருச்சு. களத்துல ஒக்காந்து கிள்ளுனது எம் மக... தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சொன்னா எம் மக திருப்பூருக்குப் போகணும். சொல்லலேன்னா மருமக மேல பழி நிக்கும். மருமக மேலதான நிக்குது, நிக்கட்டும்னு சொவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். ரெண்டு நாளாச் செபமாலைய உருட்டிக்கிட்டே படுத்துக் கெடந்தேன்டா! இந்தக் கிழட்டு முண்டைக்கு என்ன செபம் வேண்டிக் கெடக்கு?"

"அத்தே, விடுங்கத்தே..."

"விட மாட்டேன்டி. பதினோரு வருசமா விட்டு விட்டுத்தான் இப்புடி ஆச்சு." கிழவி மருமகளை நேருக்கு நேர் பார்த்தாள். "ஒங்க ஆத்தா உசுரோட இருந்த மொகத்த நீ பாக்க விடாமப் பண்ணவ நான். ரெண்டு கூடப் பழத்துக்காக. அன்னையிலருந்து நீ எங்கூடச் சண்ட போடுவ, போடுவன்னு பாத்தேன். நீ போடல. சோத்தப் போட்ட, சேலையத் தொவச்ச. நீ செய்யச் செய்ய எனக்குப் பயமாப் போச்சுடி! இவ ஒரு நாளைக்குக் கணக்கத் தீப்பா, தீப்பான்னு... அந்தப் பயந்தான் நேத்து வாயில வந்து விழுந்துச்சு. கேளு தாயி. இன்னைக்காச்சும் என்னைய ஒரு வார்த்த கேளு. ஒனக்குக் கோவமே இல்லையா?"

விண்ணரசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஊரும் மெச்சும். அவளுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"இருந்துச்சுத்தே" என்றாள். "இருக்கு. வாசலப் பாத்துக்கிட்டே செத்துருக்கு எங்காத்தா. எப்புடி இல்லாமப் போகும்? ஒங்களுக்குச் சோறு வச்சப்பவும் இருந்துச்சு, கால் கழுவுனப்பவும் மொத மொத இருந்துச்சு." வீட்டார் முன்னால் இதுவரை அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது. "ஆனா கோவம் நெஞ்சோட நின்னுக்கிருச்சுத்தே. ஒரு நாளும் கைக்கு வர விட்டதில்ல... ஒரு நாளும் விட்டதில்லத்தே!"

அடைக்கலமேரி வாய்விட்டு அழுதாள். அருளானந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அரசி..." என்றான். கோயிலில் முதல் மணி அடித்தது. போகவில்லை அவன். பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டான். சட்டியைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, விரலைச் சுட்டுக்கொண்டு, உப்பு எங்கே இருக்கிறது என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

செவத்தியம்மாள் இறுகிக் கிடந்த கட்டோடு காலை நகர்த்தினாள். வலியில் முகம் சுளித்தாள். நகர்த்தி நகர்த்தி மருமகளின் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"இத இனி நீதான் பாக்கணும். இருந்தாலும் போனாலும் ஒங் கையில."

"கையக் கழுவிட்டு வந்துர்றேன்த்தே. காட்டுலருந்து இப்பத்தான் வாரேன்..."

எழப் போனவளின் இரண்டு கையையும் கிழவி எட்டிப் பிடித்தாள். பிடித்துத் தன் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அத்தே, வேணாம்! அய்யோ, மிளகாக் கைத்தே! கண்ணு போயிரும்!"

"எரியட்டும்டி" என்றாள் செவத்தியம்மாள்.

உள்ளங்கை இரண்டையும் மூடிய கண்களில் அழுத்தி ஒற்றிக்கொண்டாள். எரிந்தது. கண்ணீர் விரலிடுக்கு வழியாக வழிந்து கன்னத்தில் ஓடியது. விண்ணரசி கையை இழுத்து இழுத்துப் பார்த்தாள், கிழவி விடவில்லை.